விக்கர்ஸ்டாஃப் புளியரைக்கு வந்தது

செங்கோட்டை லாட்ஜ், மூன்றாவது மாடி,
கொசுவர்த்திப் புகை.
ஆறு எபிசோடையும் நாலு தடவை பார்த்துவிட்டேன்.
ஒவ்வொன்றும் இருபத்தெட்டு நிமிஷம்.
இதை இரண்டேகால் மணி நேரமாக்க வேண்டும்,
இடைவேளையோடு.

மிஸ்டர் விக்கர்ஸ்டாஃப்
(ரூம் பாய்க்கு அவர் வெறும் விக்கர்)
இங்கிலாந்தில் வாயில் நுழையாத பேருள்ள ஒரு டவுனில்
தப்பான இடத்தில் நிற்கும் கார்களுக்கு
அபராதச் சீட்டு எழுதுகிறவர்.
எழுதி ஒட்டிவிட்டு
காரிடம் ஸாரி கேட்பார்.
கதவில் இடித்துக்கொண்டால் கதவிடம்.
கதவு வந்து அவரை இடித்தாலும்
கதவிடம்தான்.

ஒவ்வொரு ஸாரிக்கும்
பெட்டிக்குள் யாரோ சிரித்து வைத்திருக்கிறார்கள்.
தென்காசித் தியேட்டரில்
அப்படி முன்கூட்டிச் சிரித்துவைக்க ஆளில்லை.
டிவியில் நகக்கண் அளவிருக்கும் அந்தப் புருவம்
திரையில் ஏறினால்
வைக்கோல் லாரி நீளம்.
அவ்வளவு பெரிய வருத்தத்தை
யார் நம்புவார்கள்?

தயாரிப்பாளர் குரியாச்சன் புனலூர்க்காரர்,
முந்திரிப் பணம்.
உரிமை வாங்கியதிலேயே பாதி போச்சு என்கிறார்.
"ஒரு தங்கச்சி வேணும். கல்யாணம் முடங்கணும்.
குற்றாலத்துல ரெண்டு பாட்டு."
விக்கருக்குத் தங்கை கிடையாது என்றேன்.
"இங்க வந்தா உண்டாவும்."

புளியரை செக்போஸ்ட்டில் அவருக்கு வேலை போட்டுக் கொடுத்தேன்.
அதுவரை சுலபம்.
வாய் திறந்ததும் சிக்கல்.
'மன்னிக்கவும்' என்றால்
ரயில் ஒன்றரை மணி நேரம் தாமதம்.
'சாரி' என்றால்
சில்லறை இல்லை, ரூம் இல்லை, உனக்குப் பெண் இல்லை.
'தப்பா நெனச்சுக்கிடாதீக' என்று ஆரம்பிப்பவன்
அடுத்து கடன் கேட்பான்.
"ஷமிக்கணும்னு வெச்சோ" என்றார் குரியாச்சன்.
அது மலையிறங்கி வரும் லாரிக்கு.
ஏறிப் போகும் லாரிக்கு?
நாற்பத்தியொரு பக்கம் வசனம்,
ஒரு ஸாரிக்கும் தமிழ் பிடிபடவில்லை.

நடிகர் உச்சிமாகாளி, கடையநல்லூர்.
கோயில் கொடைகளில் மிமிக்ரி செய்கிறவர்.
அளவு பார்க்கப் போட்ட காக்கிச் சட்டையோடு
செக்போஸ்ட் பக்கம் நடந்தார். நானும் போனேன்.
ஆரியங்காவுப் பக்கமிருந்து சாரல்.
வைக்கோல் லாரி ஒன்று எங்களருகே மெதுவாகி நின்றது.
டிரைவர் பெர்மிட் தாளை நீட்டினார்.
மடிப்புக்குள் இருபது ரூபாய்.

அய்யோ நான் அந்த ஆள் இல்லை என்று
சொல்ல வந்தவருக்குச் சொல் வரவில்லை.
தாள் நழுவிற்று, ரூபாய் கையில் நின்றுவிட்டது,
பின்வாங்கிய கால்
தாளை மிதித்தது.
குனிந்தார்.
தாளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார்.
நிமிர்கையில் முழங்கால் டயரில் பட்டது.
டயரையும் தொட்டுக்
கண்ணில்.

டிரைவர் சிரிக்கவில்லை.
என்ன நினைத்தாரோ, ஸ்டியரிங்கைத் தொட்டுத்
தானும் ஒற்றிக்கொண்டார்.
தாளை வாங்கி, கியர் மாற்றி,
வளைவில் ஏறி மறைந்துவிட்டார்.

கேமரா இல்லை.
நாற்பத்தியொரு பக்கத்தையும் அன்றிரவே அடித்தேன்.
போனில் குரியாச்சன் கேட்டது ஒன்றுதான்:
"ஆளுக எங்க சிரிக்கும்?"
தெரியாது என்றேன்.

இடைவேளைக்கு அப்புறம் என்ன என்பதும்
மூன்று வாரமாகத் தெரியாமல்தான் கிடந்தது.
இன்று காலை புளியரையில் டீக்கு இறங்கினால்
ரோட்டோரம் உச்சிமாகாளி.
அதே காக்கி. அதே இருபது ரூபாய்.
கேரளாவில் வைக்கோல் இறக்கிவிட்டுக்
காலியாக வரும் ஒவ்வொரு லாரியோடும்
நாலடி ஓடுகிறார்,
உள்ளே முகம் பார்க்கிறார்,
அவர் இல்லை என்றானதும்
பம்பரில் பட்ட விரலைக்
கண்ணுக்குக் கொண்டுபோகிறார்.

தங்கச்சியை எங்கே வைப்பது என்று
குரியாச்சனுக்கு
இனிமேல்தான் சொல்ல வேண்டும்.